ரயில் வருமுன் விடை

எங்கள் போட்டியில் நேரத்தை அளந்தது ரயில். கேள்வி கேட்டு முடிந்ததும், அடுத்த ரயில் கடந்து போகும்வரை யோசிக்கலாம். கடைசிப் பெட்டியும் போய்விட்டால் வாய்ப்பும் போய்விட்டது.

நாங்கள் கூடிய வீடு கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தண்டவாளத்துக்கு மிக அருகில் இருந்தது. ரயில் போகும்போது ஜன்னல்கள் அதிரும். பால் விடாத பிளேன்ரீக் கோப்பைகள் மேசையில் இடம் மாறும். அந்த நேரத்தில் எப்படியும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே அதையே மணியாக வைத்துக்கொண்டோம். சிலருக்கு யோசிக்க இரண்டு நிமிடம் கிடைத்தது, சிலருக்கு அரை மணி நேரம் கிடைத்தது. இது என்ன நியாயம் என்று கேட்டவர்களுக்கு, ரயில் ஓட்டுபவருக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது, இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும் என்று பதில் சொன்னேன்.

போட்டி என்றதும் பாடினோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாடத் தெரிந்தவர் எங்களில் எவரும் இல்லை. சினிமாப் பாட்டுகளையும், ஒரு காலத்தில் எங்கள் நாட்டில் பெரும் புகழோடு இருந்த தமிழ்ப் பொப் பாட்டுகளையும் பற்றி ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். யார் பாடியது, எந்தப் படம் போன்றவை எங்களுக்குச் சிறுபிள்ளைக் கேள்விகள். பல்லவி முடிந்ததும் முதலில் வரும் வாத்தியம் எது, எந்தப் பாட்டில் தாளக்காரர் கடைசி வரியில் ஒரு அடியை விட்டுவிடுகிறார், எந்தப் பொப் பாட்டின் இசைத்தட்டில் ஒரு சொல்லும் மேடையில் வேறொரு சொல்லும் பாடப்பட்டது, இப்படித்தான் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தொடங்கி, இருட்டுவதற்கு முன் முடித்துவிடுவோம். இருட்டியபின் தெருவில் நடப்பது அந்த வருடங்களில் அடையாள அட்டையைப் பல தடவை வெளியே எடுக்கும் வேலை.

ஆட்கள் அதிகம் இல்லை. கீழ்த்தட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தவன் நான். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பிரிவு. எங்கள் விறாந்தையில்தான் கூட்டம். காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தவறாமல் வருவார். அவரை மருந்தாளர் என்றே இங்கே எழுதுகிறேன். நாற்பதை நெருங்கியவர், தனி ஆள். தாய் தகப்பன் ஊரில் இருந்தார்கள். சண்டையால் பாதை மூடியிருந்ததால் அவர்களுக்குக் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் கேட்ட விஷயம் மறந்துபோகும். மூன்றாமவர் கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்தவர். தகப்பனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். பழைய சினிமாப் பாட்டுகளில் அவரை வெல்ல ஆள் இல்லை. பொப் பாட்டுகளை மட்டும் அவர் பாட்டு என்று ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பிரிவு மருந்தாளருடையது.

நான் நடுவர். விடைகள் எனக்குப் பெரும்பாலும் தெரியாது என்பதே அதற்கான தகுதி.

கேட்பவர் முதலில் என்னிடம் வந்து, விடையைக் காதில் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகே சபையில் கேட்கலாம். துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தால் என்ன என்று ஆரம்பத்தில் ஒரு யோசனை இருந்தது. 'ரயில் வந்தபின் முதலில் வெடிப்பது எது' என்பது போன்ற வாசகங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்ட எவரும் விரும்பவில்லை. அந்தக் கேள்வி ஒரு டூயட் பாட்டில் வரும் மேளத்தைப் பற்றியது. ஆனாலும் காதே பாதுகாப்பானது என்று முடிவு செய்தோம்.

விடை தெரியாமல் கேள்வி கேட்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடியும் கேள்விகளும், இதுவா அதுவா என்ற கேள்விகளும் கூடாது என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. காரணம் ஒரு நாய்.

கொட்டாஞ்சேனைக்காரர் ஒருமுறை ஒரு சோகப் பாட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டாவது சரணத்துக்கு முன் தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். அது இசையமைப்பாளர் வேண்டுமென்றே வைத்த நாயா, ஒலிப்பதிவு நடந்த இடத்துக்கு வெளியே தற்செயலாக நின்ற நாயா என்பது கேள்வி. ரயில் வந்தது, போனது. விடை என்ன என்று கேட்டோம்.

"அதாங்க எனக்கும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்," என்றார்.

அதன்பின் பல மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாயோடு கழிந்தன. மருந்தாளர் தற்செயல் கட்சி. கொட்டாஞ்சேனைக்காரர் சென்னையிலிருந்த தன் மைத்துனருக்குக் கடிதம் எழுதி விசாரிக்கச் சொன்னார். பாட்டு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, அந்த நாய் இப்போது உயிரோடு இருக்காது என்று மைத்துனர் பதில் போட்டார். அன்று நான் இரண்டு விதிகளையும் அறிவித்தேன். எல்லோரும் அவற்றைச் சேர்த்து நாய் விதி என்று கூப்பிட்டார்கள்.

மருந்தாளரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டியில் அவர் ஒருபோதும் ஊகித்து விடை சொன்னதில்லை. தெரிந்தால் சொல்வார், அதுவும் ரயில் பம்பலப்பிட்டிப் பக்கம் ஊதும் சத்தம் கேட்டபிறகுதான். அதுவரை எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்ப்பார். தெரியாவிட்டால் "தெரியாது" என்பார். நாலில் ஒன்றைச் சும்மா சொல்லிப் பார்க்கலாமே என்றால் அவருக்கு அது புரியவே புரியாது.

"அவரு தொழில் அப்படிங்க," என்பார் கொட்டாஞ்சேனைக்காரர். "ஊகிச்சு மருந்து குடுத்தா ஆள் போயிடும். அதுக்காகப் பாட்டுலயுமா, அண்ணே? பாட்டுல யாரு சாவப்போறா?"

"பழகினா விடேலாது ஐசே," என்பார் எங்களை ஐசே என்றே கூப்பிடும் மருந்தாளர்.

மேல்மாடியில் ஒரு ஆசிரியை இருந்தார். பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். அவரும் யாழ்ப்பாணம்தான். அவரை மாடிப்படியில் கண்டால் நான் காலை வணக்கம் சொல்வேன், அவர் தலையை ஆட்டுவார். அதற்கு மேல் பழக்கம் இல்லாத நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்காரர் ஒரு கேள்வி போட்டார். ஒரு தாலாட்டுப் பாட்டில் வயலின்கள் எல்லாம் திடீரென்று நின்றுவிடும். அவை நின்றதும், பாட்டு தொடங்க முன், கேட்கும் சத்தம் எது?

மருந்தாளர் யோசித்துக்கொண்டிருந்தார். ரயில் ஊதியது. அப்போது மேலே ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூச்சு. பாடுறவ மூச்சு இழுக்கிறா."

மருந்தாளரும் அதே நேரத்தில் "மூச்சு" என்றார். ரயில் கடந்தது. மேலும் கீழுமாக இரண்டு பேரும் ஒரே விடையைச் சொன்னதால், புள்ளியை யாருக்குக் கொடுப்பது என்று நான் யோசிக்க வேண்டியிருந்தது. மேல்மாடியிலிருந்து வரும் விடைகளுக்கு விதிப்படி இடமில்லை என்று தீர்ப்பளித்தேன். விரும்பினால் கீழே வந்து பங்குபற்றலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வரும்போது உட்காரத் தன் கதிரையையும் கொண்டுவந்தார்.

மூன்று வருடங்கள் வந்தார். என்னை அண்ணை என்று கூப்பிட்டார். கொட்டாஞ்சேனைக்காரரையும் அண்ணை என்றார். மருந்தாளரை மட்டும் எப்படியும் கூப்பிடவில்லை. "நீங்கள் சொல்லுங்கோ," "கசெற்றைத் தாங்கோ" என்று நேராகவே பேசுவார். இதை நான் அப்போதே கவனித்து நாட்குறிப்பிலும் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு சரி.

மருந்தாளர் அவரைக் கல்யாணம் செய்ய விரும்பினார் என்பது வீட்டுக்கார அன்ரிக்குத் தெரிந்திருந்தது. கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஒழுங்கை முனையில் வெற்றிலை விற்ற பெண்ணுக்கும் தெரிந்திருந்தது என்று பின்னால் அறிந்தேன். எனக்கு அவர்கள் இருவரும் ஒரே காலத்துப் பொப் பாட்டுகளில் ஆர்வம் உள்ளவர்கள் என்று மட்டும் தெரிந்திருந்தது.

அந்த வீட்டில் ஆட்களைப் பற்றிய விபரங்கள் பொலிஸ் பதிவில் ஒழுங்காக இருந்தன. யார் எந்த அறை, எந்த ஊர், எதற்காகக் கொழும்பில் என்று அன்ரி எழுதிக் கொடுப்பார். ஒருமுறை ரோந்து வந்த சார்ஜன்ட் ஒருவர் எங்களைக் கண்டு நின்று, ஒவ்வொரு ஞாயிறும் இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். கேள்வி கேட்கிறோம் என்று கொட்டாஞ்சேனைக்காரர் சிங்களத்தில் விளக்கினார். கேள்வி கேட்பது எங்கள் வேலையல்லவா என்றார் சார்ஜன்ட். பிறகு, யார் வெல்வது என்று விசாரித்தார். மருந்தாளரைக் காட்டினோம். சார்ஜன்ட் அவரை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த இரண்டு வாரங்கள் மருந்தாளர் வேண்டுமென்றே தோற்றார்.

ஆசிரியைக்குக் கனடாவில் தம்பி இருந்தார். அவர் கூப்பிட்டு, பத்திரங்கள் எல்லாம் சரியாகி, விசா வந்த செய்தியை ஆசிரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்லட் தட்டை மேசையில் வைத்தபடி சொன்னார். அடுத்த மாதம் பயணம்.

"அங்க போய் என்ன செய்வீங்கள், ரீச்சர்?" என்று கேட்டேன்.

"தம்பியின்ர பிள்ளையளைப் பாக்க வேணும். பஸ்ஸுக்கும் நிக்க வேணும், பனிக்குள்ள."

"பாட்டு?"

"பாட்டு அங்கயும் இருக்குமாம், அண்ணை. கேள்வி கேக்கத்தான் ஆள் இல்லை."

மருந்தாளர் கட்லட் ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தார். போகும்போதும் அது கையில் இருந்தது.

அந்த வாரம் எனக்கு இருமல். அலுவலகம் முடிந்து மருந்துக்கடைக்குப் போனேன். மருந்தாளர் போத்தலை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மேசையில் வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்தார்.

"என்னட்ட ஒரு கேள்வி இருக்கு, ஐசே."

"ஞாயிற்றுக்கிழமை கேளுங்கோவன்."

"விடை தெரியாது."

"அப்ப எப்பிடிக் கேக்கிறது? என்ன பாட்டு?"

"பாட்டு எண்டில்லை. ஒரு பெண் குரல் சம்பந்தமானது."

"பழைய குரலோ, புதுக் குரலோ?"

"மூண்டு வருஷமாக் கேக்கிறன்," என்றார். "கேட்டா அந்தக் குரல் என்ன சொல்லும் எண்டுதான் தெரியேல்ல. ஓம் எண்டும் சொல்லலாம், இல்லை எண்டும் சொல்லலாம்."

நான் அவருக்கு விளக்கினேன். விடை தெரியவில்லை, ஆகவே முதல் விதிப்படி கூடாது. ஓம் அல்லது இல்லை என்பதால் இரண்டாவது விதிப்படியும் கூடாது. நாய் விதியின் இரண்டு பகுதியையும் ஒரே கேள்வி மீறுவது அந்த நாய்க்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்றேன்.

அவர் யோசித்தார். "சரிதான்," என்றார். "விதி எண்டா விதிதான்."

போத்தலைப் பையில் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், எத்தனை கரண்டி, எத்தனை வேளை என்று எழுதியிருக்கவில்லை. அவர் அப்படி மறப்பவர் அல்ல. அதையும் கவனித்தேன். காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி குடித்தேன்.

கூட்டம் தொடங்கும்போது, கடந்த வாரம் நிராகரித்த கேள்விகள் இருந்தால் அவற்றை அறிவிப்பது என் வழக்கம். மற்றவர்கள் அதே தவறைச் செய்யாமலிருக்க அது உதவும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அறிவித்தேன்.

"அங்கத்தவர் ஒருவர் ஒரு கேள்வி கொண்டுவந்தார். ஒரு பெண் குரல் பற்றியது. மூன்று வருடமாகக் கேட்கும் குரலாம். ஓம் என்று சொல்லுமோ, இல்லை என்று சொல்லுமோ என்பது தெரியாதாம். நாய் விதிப்படி நிராகரிக்கப்பட்டது."

கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தேநீர் புரையேறியது. மருந்தாளர் ஒரு கசெற் மட்டையை எடுத்து, அதில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினார். அதில் கம்பனியின் பெயரைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆசிரியை என்னைப் பார்த்தார். "கேட்டவர் ஆர், அண்ணை?"

"பேர் சொல்லுறேல்ல, ரீச்சர்."

"நிராகரிச்சதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"விதி எண்டா விதிதான் எண்டவர்."

"அப்பிடியோ," என்றார் ஆசிரியை. "நல்ல ஒழுங்கான ஆள்போல."

வாசலில் நின்ற அன்ரி, "தம்பி, உமக்கு ஆண்டவன் கணக்கை மட்டும்தான் தந்தவர்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கணக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. கொட்டாஞ்சேனைக்காரரை பஸ் ஏற்ற காலி வீதிவரை நடந்தபோதுதான் விளங்கியது.

"மெய்யாவே புரியலையா அண்ணே? இல்ல, நடிக்கிறீங்களா?"

"எது?"

அவர் சொன்னார். நாலு வசனத்தில் முழுவதையும் சொன்னார். இரண்டு பஸ் நிறுத்தாமல் போயின.

"அடுத்த மாசம் அந்தம்மா பிளேன் ஏறிடும். இவருக்கு எடுத்துப் பேச இங்க பெரியவங்க கெடையாது. ஊருக்கு எழுதுனா பதில் வர்றதுக்குள்ள அங்க பனி உருகிடும். இருக்கிற ஒரே வழி உங்ககிட்ட வந்து கேட்டாரு. நீங்க நாயை அவுத்து வுட்டுட்டீங்க."

"தீர்ப்பு சரி," என்றேன். "விடை தெரியாத கேள்விதானே."

"கல்யாணக் கேள்விக்கு எவனுக்குங்க முன்னாடியே விடை தெரியும்?"

அதற்குள் அவருடைய பஸ் வந்தது.

தீர்ப்பை மாற்ற முடியாவிட்டாலும் வழி சொல்லலாம் என்று நினைத்து அடுத்த நாள் மருந்துக்கடைக்குப் போனேன். விடையை வேறு வழியில் முன்கூட்டியே அறிந்துகொண்டால், கேள்வி விதிக்கு உட்பட்டதாகிவிடும் என்றேன். யார் மூலமாகவாவது விசாரிக்கலாம்.

"ஆரைக் கேக்கிறது? அவவைத்தானே கேக்க வேணும்," என்றார் மருந்தாளர்.

"ஓம்."

"அவவைக் கேட்டா அதுதானே கேள்வி."

"ஓம், அதுதான் சிக்கல்," என்று ஒப்புக்கொண்டேன்.

அன்ரியைக் கேட்டுப் பார்க்கலாமா என்றும் யோசித்தோம். அன்ரியிடம் போனால் முதலில் சாதகம் கேட்பார். சாதகம் ஊரில் தாயாரின் பெட்டியில் இருந்தது. அத்தோடு அன்ரிக்குக் கல்யாணம் ஆகாத ஒரு பெறாமகள், தங்கையின் மகள், இருந்தார். ஆகவே அந்த யோசனையையும் விட்டோம்.

"போறவ நல்லா இருக்கட்டும்," என்றார் மருந்தாளர். "நான் தெரியாமக் கேட்டு, அவ முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்ல வேண்டி வந்தா, அது அவவுக்குத்தான் கரைச்சல்." சொல்லிவிட்டு என் இருமல் எப்படி என்று விசாரித்தார். போத்தலில் எழுத மறந்ததையும் அப்போது நினைவுகூர்ந்து, ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி என்றார்.

ஆசிரியையின் பயணத்துக்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோரும் நேரத்தோடு வந்தார்கள். மின்சாரம் இல்லை. அந்த வருடம் அது வழக்கம். கசெற் ப்ளேயரில் பற்றரி போட்டிருந்தோம். வழக்கமாக வேலியில் காயப்போட்டிருக்கும் ஆசிரியையின் சேலைகள் அன்று இல்லை. பெட்டிக்குள் போயிருக்க வேண்டும்.

முதலில் கொட்டாஞ்சேனைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். ரயில் வருமுன் மருந்தாளர் விடை சொன்னார். ரயில் தெஹிவளைப் பக்கம் போனது. அன்று அந்த வீட்டைக் கடந்த கடைசி ரயில் அதுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆசிரியை எழுந்து என்னிடம் வந்தார். குனிந்து என் காதில் சொன்னார்.

"கேள்வி பிறகு. விடை: ஓம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆதாரம் கேட்பது என் கடமை. வழக்கமாகக் கசெற்றோ, வானொலியில் கேட்டதற்குச் சாட்சியோ காட்டுவார்கள்.

"ஆதாரம்?" என்றேன்.

"நான்தான்," என்றார்.

ஏற்றுக்கொண்டேன். அவர் போய்த் தன் கதிரையில் இருந்தார். மருந்தாளரைப் பார்த்து, வகுப்பில் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டார்.

"ஒரு ஆள் ஒரு பெண்ணிட்ட ஒரு கேள்வி கேக்க நினைச்சவர். விடை தெரியாது எண்டு கேக்காமல் விட்டிட்டார். கேட்டிருந்தா, அவள் என்ன சொல்லியிருப்பாள்?"

கொட்டாஞ்சேனைக்காரர் கையைத் தூக்கினார். அவர் வாயில் கடலை இருந்தது. விழுங்கி முடித்து, "ஆட்சேபணை! இது நாய் விதிக்கு எதிரு. ஓமா இல்லையாதானே!" என்றார். சொல்லிமுடித்தபின்தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆட்சேபணை நியாயமானது. ஆனால் ஆட்சேபணைகள் கேள்வி முடிந்த உடனே வர வேண்டும். கடலை காரணமாக இது தாமதமாக வந்தது. நிராகரித்தேன். இப்படி ஒரு தாமதத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பொருட்படுத்தியதில்லை.

"நேரம் தொடங்குது," என்றேன்.

மருந்தாளர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தார். ரயில் ஊதும் சத்தத்துக்குக் காத்திருந்தார். வரவில்லை. அலைச் சத்தம் மட்டும் வந்தது. அன்ரி வாசலுக்கு வந்து நின்றார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மருந்தாளர் வாயைத் திறந்தார். "தெரி..." என்று தொடங்கினார்.

"ஒண்டு சொல்லட்டோ," என்று ஆசிரியை இடைமறித்தார். "தெரியாது எண்டு சொன்னீங்கள் எண்டா, நான் வெள்ளிக்கிழமை போறன். அவ்வளவுதான்."

மருந்தாளர் வாயை மூடினார்.

கொட்டாஞ்சேனைக்காரரால் இருக்க முடியவில்லை. எழுந்து ஒழுங்கை முனைக்குப் போனார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு ஆமிப் பையன் நிற்பான். "மல்லி, கோச்சிய கீயட்டத?" என்று சிங்களத்தில் ரயில் நேரத்தை இவர் கேட்பது எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்தார்.

"ரயில் இல்லையாம். ஸ்டேஷன்ல யாரோ ஒரு பையை வுட்டுட்டுப் போயிட்டாங்களாம். பாத்து முடியிற வரைக்கும் ரெண்டு பக்கமும் நிப்பாட்டிட்டாங்க. எப்ப வுடுவாங்கன்னு அவனுக்கும் தெரியாது." பிறகு என்னிடம், "இப்ப நேரத்தை எப்படிங்க முடிக்கிறது?" என்றார்.

"ரயில் வந்தாத்தான் முடியும்."

"வராட்டி?"

"வராட்டி முடியாது."

"அப்ப நான் எப்ப வீட்டுக்குப் போறது? கொட்டாஞ்சேனைக்கு எத்தனை செக்பாயிண்ட் தெரியுமா?"

"நீங்க போங்கோ அண்ணை," என்றார் ஆசிரியை. "எங்களுக்கு அவசரமில்லை."

கொட்டாஞ்சேனைக்காரர் போகவில்லை. உட்கார்ந்து மீதிக் கடலையைச் சாப்பிட்டார்.

எங்கள் வழக்கத்தில், விடை சொல்பவர் ஒரே ஒரு துப்புக் கேட்கலாம். பாட்டென்றால் கேட்டவர் அந்த இடத்துக்கு முன் வரும் இசையை முணுமுணுத்துக் காட்டுவார். மருந்தாளர் இத்தனை வருடத்தில் அதைக் கேட்டதில்லை. இப்போது தொண்டையைச் செருமினார்.

"ஒரு துப்புத் தரலாமோ?"

ஆசிரியை யோசித்தார். "நான் இந்த விறாந்தையில எல்லாரையும் அண்ணை எண்டு கூப்பிட்டனான்," என்றார். "உங்களைக் கூப்பிடேல்ல."

நாட்குறிப்பில் நான் எழுதிவைத்த விஷயம் அது. என்னிடம் மூன்று வருடமாக விடை இருந்திருக்கிறது. இதை நான் அப்போது சபையில் சொல்லவில்லை. நடுவர் பேசக் கூடாது.

மருந்தாளர் அந்தத் துப்பை எடுத்து, போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் முகத்தில் இரண்டு பக்க யோசனையும் ஓடுவது தெரிந்தது. ஒருவரை அண்ணை என்று கூப்பிடாததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். வயது, கூச்சம், மறதி. ஒன்று ஒன்றாகத் தள்ளிவைத்தார் என்று நினைக்கிறேன். ஒன்றிரண்டு தள்ள முடியாமல் இருந்திருக்கும். உறுதியாகத் தெரியாது என்பது அவர் இருந்த இருப்பிலேயே தெரிந்தது.

ரயில் ஊதவில்லை. பம்பலப்பிட்டிப் பக்கமும் தெஹிவளைப் பக்கமும் ஒரு சத்தமும் இல்லை.

"ஓம்," என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்க்கப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

"சரி," என்றேன். "ஒரு புள்ளி."

அன்ரி உள்ளே போய் மெழுகுவர்த்தி கொண்டுவந்தார். அதை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கொட்டாஞ்சேனைக்காரர் எழுந்து மருந்தாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடாமல் குலுக்கினார். "பாட்டுல ஊகிக்காத மனுஷன், அண்ணே! இதுல ஊகிச்சுட்டாரு!"

"ஊகிக்கேல்ல," என்றார் மருந்தாளர். "துப்பு இருந்தது."

"மூண்டு வருஷமா இருந்தது," என்றார் ஆசிரியை. கதிரையை எடுத்துக்கொண்டு மேலே போகத் திரும்பியவர், பிறகு அதை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

கொட்டாஞ்சேனைக்காரரை அந்த நேரத்தில் அனுப்ப முடியாது என்பதால் அன்று என் அறையில் படுத்தார். அன்ரி அதற்குக் கோபிக்கவில்லை. படுத்தபடியே, தன் ஆட்சேபணை சரியானதுதான் என்று சிறிது நேரம் வாதாடினார். சரியானதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

தம்பிக்கு ஆசிரியை என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்க வேறு யாரையோ பிடித்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அடுத்த ஞாயிறு பொப் பாட்டுகளில் ஒரு கேள்வி கேட்டு மருந்தாளரைத் தோற்கடித்தார். மருந்தாளர் அதற்கு விடை "தெரியாது" என்றார்.

மருந்தாளர் ஓம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ரயில் வந்தது. கண்ணாடி அதிர்ந்தது. கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, கடைசிப் பெட்டியும் போகும்வரை நின்றேன். பிறகு முறைப்படி, "நேரம் முடிந்தது," என்று சொன்னேன். அறையில் படுத்திருந்த கொட்டாஞ்சேனைக்காரர் போர்வைக்குள்ளிருந்து, "அவரு நேத்தே விடை சொல்லிட்டாருங்க," என்றார்.